கரையிறங்கா உறுதிமொழி

செழியா,

கடந்த ஞாயிறு நண்பகல், உண்டு முடித்த தட்டுகள் இன்னும் மேசையில் கிடக்க, நான் என் வலக்கையை உன் முன் நீட்டி, "அடித்துச் சொல்" என்றேன். இருபத்தெட்டு அகவை நிரம்பிய நீ, மெல்பேர்ணில் கப்பற்சட்டம் கற்ற வழக்கறிஞன், ஒரு நொடி உன் அப்பாவைப் பார்த்தாய். பிறகு என் உள்ளங்கையில் அடித்தாய். நோயுற்ற கடலோடி கரையிறங்கி மருத்துவம் பெறவும், தேறியபின் தன் கப்பலுக்கே திரும்பவும் உரிமை தரும் பிரிவு முழுமையாக இல்லாத எந்த வரைவிலும் கையொப்பமிட மாட்டேன் என்றாய். நான் மகிழ்ந்தேன். மாலையில் நீ சிட்னியிலிருந்து மெல்பேர்ண் திரும்பினாய். வரும் வெள்ளியன்று ஐரோப்பாவுக்குப் பறக்கிறாய்; உலகக் கப்பல்களுக்கெல்லாம் ஒருசீரான சட்டம் எழுதக் கூடும் அவையில் இந்நாட்டுக் குழுவின் இளையவனாக அமரப்போகிறாய். அதற்கு முன் உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்றே இம்மடலை விரைவஞ்சலில் அனுப்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் என் குரல் ஏறிவிடும். என் குரல் ஏறினால் என்ன நேரும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு அப்பா சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமலே கேட்டார். "இஞ்சரும், அவன் கையெழுத்துப் போடேல்லையெண்டால் என்ன நடக்கும்?"

"உரிமை காக்கப்படும்" என்றேன்.

"அது மேடைக் கதை. நான் கேட்டது, அந்த மேசையில என்ன நடக்குமெண்டு."

அவர் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "அவன் உமக்கு விளக்கமாச் சொன்னவன். நீர் கேக்கேல்லை. அந்தக் கப்பல்ல செய்ததைத்தான் இப்ப குசினிக்குள்ள செய்யிறீர்." பதினேழு ஆண்டுகளாக உன் அப்பா அந்தக் கப்பலைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நீ விளக்கமாகத்தான் சொன்னாய். இப்போது ஒவ்வொரு சொல்லும் நினைவுக்கு வருகிறது. "அம்மா, கொஞ்சம் கேளுங்கோ. முதல் பாதிக்கு எல்லாரும் ஓகே. வருத்தக்காரனை இறக்கணும், டொக்டர் பாக்கணும். ரெண்டாவது பாதியிலதான் பிரச்சினை. திரும்ப ஷிப்புக்கு விடுறதை அந்தந்த நாட்டு இமிகிரேஷன் முடிவு செய்யட்டும் எண்டு கேக்கினம். அதுல நாங்க பிடிச்சு நிண்டா பாதி நாடு எழும்பிப் போயிடும். பிறகு சாப்பாடு, படுக்கை, வேலை நேரம் ஒண்டும் இல்லை. முழு பெக்கேஜும் போயிடும்." கையொப்பமிட்டால் நோயாளி மாலுமியைக் கைவிடுகிறாய், இடாவிட்டால் எல்லா மாலுமிகளையும் கைவிடுகிறாய். இரு பக்கமும் கதவடைத்த அறை அது. அதற்குள் நின்றுகொண்டு நீ என்னிடம் பேசினாய். நான் மூன்றாவது கதவையும் இழுத்துச் சாத்தினேன்.

அதுவும் உன் சொல்லைக்கொண்டே. உன் ஆய்வேட்டை நான் இருமுறை படித்தவள். பிரித்தானியப் பேரரசின் நாடுகளெல்லாம் வணிகக் கப்பல்களுக்கு ஒரே வகைச் சட்டம் வேண்டும் என்று இலண்டனில் கூடிக் கூடிப் பேசிய கதையை நீ அதில் எழுதியிருந்தாய். இந்நாட்டாரும் அங்கே போய் அமர்ந்து, தம் மாலுமிக்கு இவ்வளவு உணவு, இவ்வளவு இடம், இன்ன மருத்துவம் என்று வரிவரியாக வாதிட்டார்கள். நம் கரைகளிலிருந்து அதே கப்பல்களில் ஏறியவனுக்கு மட்டும் தனி ஒப்பந்தம், குறைந்த இடம், வேறு உணவுப் பட்டியல். 'ஒரே கடல், ஒரே கொடி, இரண்டு வயிறு' என்று எழுதியிருந்தாய். படித்த அன்று நெஞ்சு நிமிர்ந்தேன். ஞாயிறன்று அந்த வரியையே எடுத்து உன்மேல் வீசினேன். "பேரரசு செய்த ஓரவஞ்சனையில் நீயும் கையொப்பமிடப் போகிறாயா?" என்று கேட்டேன். அதற்கு எந்த மகனால் விடை சொல்ல முடியும்? அதன் பிறகுதான் கையை நீட்டினேன்.

இனி நான் சொல்லப்போவதை நீ அறிவாய் என்று எண்ணுவாய். அறியமாட்டாய். சிட்னித் துறைமுகத்தில் கைவிடப்பட்ட கப்பலின் பதின்மூன்று தமிழ் மாலுமிகளின் கதையை நான் ஆண்டுவிழாக்களில் சொல்லியிருக்கிறேன். தோழர்களைக் காக்கத் தன் கண்ணைத் தந்த சமையற்காரர் சூசையின் கதையை நீ பன்னிரண்டு அகவையில் பள்ளி மேடையில் ஒப்பித்தாய்; சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோதும் அதையே எழுதினாய். நீ கப்பற்சட்டத்தைத் தேர்ந்ததற்கே அது வித்தென்று பலரிடம் பெருமை பேசியிருக்கிறேன். அக்கதையில் நான் சொன்ன எதுவும் பொய்யன்று. நடுவிலிருந்து ஒரு வாரத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டேன். அந்த வாரத்தை உனக்கு இப்போது தருகிறேன்.

முதலில் நான் யாராக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். மதுரையில் கல்லூரிக் காலத்திலேயே மேடை ஏறியவள். ஒரு கூட்டத்தின் கடைசி வரிசையில் கைகட்டி அமர்ந்திருந்த யாழ்ப்பாணத்து மாணவரை மணந்தவள். எண்பத்து மூன்றின் கொடுமைக்குப் பிறகு அப்பாவின் உறவுகள் சிதறியபோது உன்னையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்தோம். சிட்னியின் புறநகரான பென்டில் ஹில்லில் சிறு வாடகை வீடு. அப்பாவுக்குச் செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் முறைவேலை. எனக்கு ஒரு தையற்கூடம். மேடையில் நான் நிறுத்தினால் ஆயிரம் பேர் மூச்சை நிறுத்துவார்கள், இங்கே கடையில் நான் பேசினால், "சாரி?" என்று காதை நீட்டுவார்கள். என் அவை என்பது சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியின் இருபத்தொரு பிள்ளைகள். அவர்களிலும் பாதிப்பேர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீயும் பார்ப்பாய். என் சொற்களெல்லாம் தொண்டைக்குள் அடைபட்டுக் கிடந்த ஆண்டுகள் அவை. நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, கடலோடிகள் நல இல்லத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நிற்கிறது, உரிமையாளர் கைவிட்டுவிட்டார், மாலுமிகள் பேசுவது எவருக்கும் புரியவில்லை, யாராவது வர முடியுமா என்று.

தொடர்வண்டியில் நகருக்குப் போய், அங்கிருந்து அந்த இல்லத்துப் பொறுப்பாளரின் சிற்றுந்தில் துறைக்குப் போனேன். அவர் முன்னாள் மாலுமி, வெள்ளைத் தாடி, பகலெல்லாம் அந்த வண்டியிலேயே அமர்ந்து தேநீர் குடிப்பவர். கப்பலின் ஏணியடியில் ஒரு காவலர் நின்றார். மாலுமிகள் தப்பியோடிவிடுவார்கள் என்று அவர்களின் கரைச்சீட்டுகளை நீக்கிவிட்டிருந்தார்கள். மேலேறினேன். துருவும் பழைய எண்ணெயும் கலந்த நெடி. பதினான்கு பேர் வரிசையாக நின்றார்கள். பதினொருவர் தூத்துக்குடிப் பக்கத்தவர், மூவர் மன்னாரைச் சேர்ந்தவர்கள். மாலுமிகளின் தலைவரைக் கடற்கரையில் சரங்கு என்பார்கள். அந்தோணி சரங்கு அறுபதை நெருங்கியவர். "வணக்கம். உங்கள் துயர் துடைக்கத் தமிழ் வந்திருக்கிறது" என்றேன். அவர், "தமிழ் வந்தது சரிம்மா. அரிசி வந்திருக்கா?" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அவர்தான் சூசை, கப்பலின் பண்டாரி, அதாவது சமையற்காரர். முப்பத்திரண்டு அகவை.

அரிசி வந்தது. நம் மக்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். வழி மட்டும் வரவில்லை. கடன்காரர்கள் கப்பல்மேல் தொடுத்த வழக்கு முடியும்வரை அது நகராது. மாலுமி கரையிறங்க முடியாது. கப்பல் உரிமையாளரின் முகவர் ஒரு வழி சொன்னார்: அனைவரும் ஒப்புக்கொண்டால் பதினொருவரைச் சென்னைக்கும் மூவரைக் கொழும்புக்கும் அனுப்பிவிடலாம். மன்னார்க்காரர்களில் மூத்தவர் மத்தியாசு என்னிடம் மெல்லச் சொன்னார். "அக்கா, எங்களைக் கொழும்பில இறக்கினா நாங்கள் வீடு போய்ச் சேரமாட்டம். இதை அவங்களுக்குச் சொல்லுங்கோ." சொன்னேன். முகவர் தோளைக் குலுக்கினார். அடுத்த வாரம் பல்வலியால் துடித்த ஒருவரை மருத்துவம் என்று சொல்லிக் கரையிறக்கினார்கள். பல்லைப் பிடுங்கியதும் கப்பலிலிருந்து அவர் பெயரை வெட்டி, வாயில் பஞ்சோடு வானூர்தியில் ஏற்றிவிட்டார்கள். பதினால்வர் பதின்மூவரானார்கள். ஒவ்வொருவராக உருவி, கடைசியில் மூவரை மட்டும் தனியே நிறுத்துவதே முகவரின் எண்ணம் என்பது எவருக்கும் விளங்கியது.

அன்று நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நம் கூட்டங்கள் எப்படி முடியும் என்று நீ கண்டிருக்கிறாய். பேச்சு உச்சிக்குப் போகும், பேச்சாளர் கையுயர்த்துவார், அவையே எழுந்து கையுயர்த்தி உறுதிமொழி ஏற்கும். மறுநாள் காலையில் பெரும்பாலோர் அதை மறந்து தத்தம் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் எவருக்கும் கேடில்லை. எனக்குத் தெரிந்த உறுதிமொழி அவ்வளவுதான். அந்தக் கப்பல் தளத்தில் நின்று முக்கால் மணி நேரம் பேசினேன். பேரரசுக் காலத்தில் நம்மைத் தனித்தனியாகப் பிரித்த சட்டத்தைச் சொன்னேன், ஒரே கப்பலில் ஒரே நெறி என்றேன். பின் கையுயர்த்தினேன். "மூவர்க்கும் பாதுகாப்புக் கிடைக்கும்வரை பதின்மூவரில் ஒருவரும், எப்பொருட்டும், இவ்வேணியில் இறங்கோம்!" பதின்மூன்று கைகள் உயர்ந்தன. அவர்கள் வேதக்காரர்கள், சொல்லி முடித்து ஒவ்வொருவராகச் சிலுவைக் குறியிட்டார்கள். அதைக் கண்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இவர்கள் மறுநாள் மறக்கப்போகிறவர்கள் அல்லர். எனக்குக் கிடைத்திருந்தது எழுந்து போக முடியாத அவை. சொல்லக் கூசுகிறேன், அதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது.

ஆறாவது வாரம் எண்ணெய் தீர்ந்தது. விளக்கில்லை, அடுப்பில்லை. சூசை ஓர் இரும்புப் பீப்பாயை அறுத்துத் தளத்தில் அடுப்பாக்கினார். சரக்குக்கு அடியில் போடும் மரச்சட்டங்களைப் பிளந்து எரித்தார். ஒரு திங்கட்கிழமை அப்படிப் பிளக்கும்போது ஒரு சிராய் தெறித்து வலக்கண்ணில் பாய்ந்தது. நான் செவ்வாயன்று போனபோது கண்ணின்மேல் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி கண்ணில்?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. வெங்காயம் அரிஞ்சேன்."

"எந்த வெங்காயம்லே?" என்றார் சரங்கு. "கப்பல்ல வெங்காயம் தீந்து பத்து நாளாச்சு. எனக்குத் தெரியாம எங்க பதுக்கி வச்சிருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சூசையும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வியாழனன்று எவரும் சிரிக்கவில்லை. துணி மஞ்சளாக நனைந்திருந்தது. பாதி முகம் வீங்கியிருந்தது. சூசை ஏணித்தலைக்கு வந்து என்னைத் தனியே அழைத்தார். தனிமை என்று அங்கே ஒன்றில்லை. எல்லோர் காதும் எங்கள் பக்கமே இருந்தது. "அக்கா, ஒண்ணு கேக்கணும். ஆசுபத்திரிக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தா, அது சத்தியத்த முறிச்சதாவுமா?"

நான் வாய் திறக்குமுன் மத்தியாசு வந்துவிட்டார். "அக்கா, அண்ணையை விடுங்கோ. எங்களுக்காண்டி அந்தாள் ஏன் கண்ணைக் குடுக்க வேணும்?" நான் சரங்கைப் பார்த்தேன். "எம்மூஞ்சியப் பாக்காதீங்க தாயி. சத்தியம் வாங்குனது நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

யாருக்காக அந்தச் சூள் ஏற்கப்பட்டதோ அவரே விடச் சொல்கிறார். ஏற்றவரோ இசைவுக்காகக் காத்து நிற்கிறார். நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். பல்வலிக்காரரை நினைத்தேன், இறங்கினால் இவரையும் ஏற்றிவிடுவார்கள் என்று அஞ்சினேன். அது உண்மை. வரும் ஞாயிறன்று துறைவாயிலில் பெருங்கூட்டம் ஏற்பாடாகியிருந்ததையும் நினைத்தேன். துறைத் தொழிலாளர்கள் வருகிறார்கள், தொலைக்காட்சி வருகிறது. 'பதின்மூவர் ஓருடல்' என்று துணியில் எழுதித் தைத்துவைத்திருந்தேன். பன்னிருவர் என்று மாற்றி எழுத எனக்கு மனமில்லை. அதுவும் உண்மை. எந்த உண்மை பெரியது என்று இன்றுவரை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சூசையின் தோளில் கைவைத்துச் சொன்னேன்: "தம்பி, சுவரில் ஒரு செங்கல்லை நாம் உருவினால் அடுத்த செங்கல்லைக் காற்றே உருவிவிடும். ஞாயிறு வரை பொறு."

"சரிக்கா" என்றார். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிறன்று நான் என் வாழ்நாளின் சிறந்த பேச்சைப் பேசினேன். ஒரு மாணவி வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னாள். மேலே கப்பலின் கைப்பிடிக் கம்பியோரம் பதின்மூவரும் நிற்க, நடுவில் கண்கட்டோடு சூசை. "பாருங்கள், அநீதியின் அடையாளத்தை!" என்று கைநீட்டினேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒளிப்படக்காரர்கள் முண்டியடித்தார்கள். அந்த ஆரவாரத்துக்குள் ஒரு பெண், துறைத் தொழிலாளி ஒருவரின் மனைவி, மருத்துவமனையில் செவிலி, மேடையருகே வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். எத்தனை நாளாக அவர் கண் அப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஏழு நாள் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. காவலரைத் தள்ளிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

நல இல்லத்துத் தாடிக்காரர் தன் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். குடிவரவு அலுவலகத்தில் கடமையிலிருந்தவரைத் தொலைபேசியில் பிடித்தார். நான்கு வரி கொண்ட ஒரு தாள் வந்தது: இம்மாலுமி மருத்துவத்துக்காகக் கரையிறங்குகிறார், தேறியதும் இதே கப்பலுக்குத் திரும்புவார், இடையில் அவர் பெயரை எவரும் வெட்டலாகாது. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. எந்தச் சட்டமும் மாறவில்லை. ஒருவர் கேட்டார், ஒருவர் எழுதித் தந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியில் தாடிக்காரர் என்னிடம் திரும்பி, "ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் நாள்தோறும் அங்கேதானே இருந்தேன்?" என்றார். வியாழனன்று சூசை என்னிடம் கேட்டபோதும் அவர் ஏணியடியில்தான் இருந்தார். இறங்கிப் போய்க் கேட்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அறைகூவத் தெரிந்தது; கேட்கத் தெரியவில்லை. மருத்துவர் வெளியே வந்து, "மூன்று நாள் முன்னர் வந்திருந்தால்" என்று தொடங்கினார். நான் விரல் விட்டு எண்ணினேன். வியாழன்.

சூசை பத்து நாளில் ஒற்றைக் கண்ணோடு கப்பலுக்குத் திரும்பி ஏறினார். சொன்ன சொல்லைக் காத்தார். மேலும் நான்கு திங்கள் கழித்துக் கப்பல் ஏலத்தில் போனது. மூவரும் இந்நாட்டில் தங்க இசைவு பெற்றார்கள். மத்தியாசின் மகள் திருமணத்தில் நீ விருந்துண்டாய். பதின்மரும் ஊர் திரும்பினார்கள். ஒரு கண் இல்லாதவருக்குக் கடற்பணிக்கான உடற்தகுதிச் சான்று தரமாட்டார்கள். சூசை மறுபடி கப்பலேறவில்லை. அந்த உறுதிமொழி மூன்று உயிரைக் காத்தது, மகனே. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கண்ணை அது கேட்கவில்லை. நான் கேட்டேன். பிறகு ஊர் ஊராகப் போய், அவர் தந்தார் என்று பேசினேன்.

உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். ஓராண்டு முழுதும் தமிழ்ப்பள்ளிக்கு ஒருநாளும் தவறேன் என்று உன்னிடம் சூள் வாங்கினேன். கார்த்திகை மாதத்து ஒரு சனியன்று நீ காய்ச்சலில் கொதித்துக்கொண்டு காலணி மாட்டினாய். அப்பா, "விடுமப்பா, பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றார். நீயே, "ப்ராமிஸ் பண்ணிட்டன் அப்பா" என்றாய். வகுப்பில் வாந்தி எடுத்தாய். ஆண்டுவிழாவில் உன்னை மேடையேற்றி, சொல் தவறாத சிறுவன் என்று மாலையிட்டேன். நீ சிரிக்கவில்லை. அந்த ஒளிப்படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. இப்போதுதான் அதை உற்றுப் பார்த்தேன்.

ஐந்தாண்டுக்கு முன் உறவினர் திருமணத்துக்குத் தூத்துக்குடி போனேன் அல்லவா, அப்போது சூசையைத் தேடிப் பிடித்தேன். துறைமுகச் சாலையில் சரக்குந்து ஓட்டுநர்களுக்குச் சோறு போடும் சிறுகடை. நான் முகவரி கேட்டுக்கொண்டிருந்த குரலைக் கேட்டே உள்ளிருந்து வெளியே வந்தார். "குரல் மாறலயேக்கா!" என்றார். அவர் மனைவி மீன் வறுத்துக்கொண்டே, "இவரு ஒத்தக் கண்ணுலயே மீனுக்கு எடை சொல்லிருவாரு, தராசுக்காரன் அழுவான்" என்று சிரித்தார். உண்ட பிறகு மன்னிப்புக் கேட்டேன். நல்ல தமிழில், முன்கூட்டியே எண்ணிவைத்த சொற்களில் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "மன்னிப்பெல்லாம் எதுக்குக்கா? நீங்க என்ன கட்டியா போட்டீங்க? ஆனா ஒண்ணு. அன்னிக்கு நீங்க 'போடா ஆசுபத்திரிக்கு'ன்னு ஒரு ஏச்சு ஏசியிருந்தா போயிருப்பேன். நீங்க நல்லாப் பேசிட்டீங்க."

இதை உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. ஊர் திரும்பிய அடுத்த ஆண்டுவிழாவிலும் பழைய கதையையே பேசினேன், கைதட்டினார்கள். கடந்த ஞாயிறன்று உன் முன் கை நீட்டியபோதும் அந்தக் கடையும் அந்தச் சொல்லும் எனக்குத் தெரிந்தே இருந்தன. தெரிந்தே நீட்டினேன். பழக்கம் அவ்வளவு வலியது. நீ விளக்கியதைக் கேட்டால் என் பேச்சு நின்றுவிடும் என்பதால் கேட்கவில்லை.

ஆகவே செழியா, ஞாயிறன்று என் உள்ளங்கையில் நீ அடித்துச் சொன்ன சொல்லை இம்மடலால் நான் நீக்குகிறேன். நீ முறித்ததாகாது, வாங்கியவளே திருப்பி எடுத்துக்கொண்டாள். சூசைக்கு அந்த வியாழனன்று நான் செய்திருக்க வேண்டியது இதுதான். அப்போது ஒரு நொடி போதும். இப்போது இத்தனை பக்கங்கள் வேண்டியிருக்கின்றன. என் விருப்பம் மாறிவிட்டதாக எண்ணாதே. நோயுற்றவன் திரும்பித் தன் கப்பலில் ஏறும் உரிமையை நீ காக்க வேண்டும் என்றே இன்றும் விரும்புகிறேன். அது என் விருப்பம். உன் கைவிலங்கு அன்று. நீ அறிந்த சட்டம் எனக்குத் தெரியாது, அந்த மேசையில் யார் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த நான்கு வரித் தாள் மட்டும். எந்த நாட்டின் சட்டத்தையும் தொடாமல், குடிவரவு அலுவலர் ஒருவர் எழுதித் தந்த தாள். அது உன் இரண்டாம் பாதிக்கு உதவுமா, உதவாதா என்று நீயே பார். எழுந்து போவேன் என்று மிரட்டுபவர்களிடம் முதலில் தனியே போய், எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று கேள். நான் செய்யாதது அது.

கேட்டும் கிடைக்காமல் போகலாம். அப்போது பாதிச் சட்டத்தில் கையொப்பமிடுவதா, எழுந்து வருவதா என்று நீ முடிவு செய்ய நேரும். இரண்டிலும் யாரோ ஒருவருக்குக் கேடு உண்டு; கேடில்லாத வழி இருப்பதாகச் சொல்லி உன்னை ஏய்க்க மாட்டேன். நீ எதைச் செய்தாலும், அங்கே யாராவது ஏன் என்று கேட்டால், அம்மாவுக்குச் சொல் கொடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே. அச்சொல் இனி உன்னிடம் இல்லை. உன் பெயரைச் சொல், உன் அறிவைச் சொல், அதற்கு நீயே நில். திரும்பி வந்து என்னிடம் கணக்குச் சொல்லவும் வேண்டாம். நான் கேட்க மாட்டேன். கேட்டால் என் குரல் அமுங்கும்படி அப்பா குழாயைத் திறந்துவிடட்டும்.

போய் வா. எனக்காகப் போகாதே.

அம்மா